முக்கோண எண்கள்: 2 மட்டும் ஏன் வேறு மாதிரி?

கேள்வி:
ந-ஆவது முக்கோண எண் ந(ந+1)/2. இந்த எண்களை 7-ஆல் வகுத்து மீதியை வரிசையாக எழுதினால் 1, 3, 6, 3, 1, 0, 0 என வந்து மறுபடி 1-இல் தொடங்குகிறது. ஏழுக்கு இரண்டு வகுபடுகின்றன, அதுவும் அடுத்தடுத்து. 5, 11 எடுத்தாலும் இப்படித்தான். ஆனால் 2-க்கு மட்டும் ஒற்றை, ஒற்றை, இரட்டை, இரட்டை என்று நான்குக்கு ஒருமுறை சுற்றுகிறது. ஏன்? 15 போன்ற பகு எண்ணுக்கும் சுற்றுக்கு இரண்டுதானா?

பதில் 1:
சூத்திரத்தின் கீழே இருக்கும் 2-தான் காரணம். ஒற்றைப்படைப் பகா எண்ணை அந்த 2 ஒன்றும் செய்யாது. ஆகவே ந(ந+1) வகுபட்டாலே போதும். பகா எண் ஒரு பெருக்குத்தொகையை வகுத்தால் காரணிகளில் ஒன்றையாவது வகுத்தே தீரும். அதனால் ந அல்லது ந+1 அதன் மடங்கு. அடுத்தடுத்து இரண்டு பூஜ்யம் வருவது அதனால்தான்.

2-க்கு வந்தால், ந(ந+1) எப்போதுமே இரட்டை, ஆனால் அந்த ஒரு 2 வகுத்தலில் போய்விடுகிறது. இன்னொரு 2 மிஞ்ச வேண்டும். ந, ந+1 இரண்டில் ஒன்றுதான் இரட்டை என்பதால் அந்த ஒன்றே 4-இன் மடங்காக இருக்க வேண்டும்: ந = 3, 4, 7, 8, 11, 12...

பதில் 2:
15-க்கு நான்கு. 3-க்கு இரண்டு வழி, 5-க்கு இரண்டு வழி, சேர்த்தால் 2×2. ந-ஐ 15-ஆல் வகுத்த மீதி 0, 5, 9, 14. ந=5 எனில் 5×6/2 = 15: 5 ஒரு பக்கம், 3 மறுபக்கம். ந=9 எனில் 45. ந அல்லது ந+1 முழுசாக 15-இன் மடங்கா என்று மட்டும் பார்ப்பவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடுவார்கள்.

9, 25 போன்ற பகா எண் அடுக்குகளுக்கு மறுபடி இரண்டுதான். அடுத்தடுத்த எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது. 9-இல் உள்ள இரண்டு 3-உம் ஒரே பக்கம் இருந்தாக வேண்டும்.

பதில் 3:
நிரல் எழுதி சரிபார்ப்பவர்கள் கவனிக்க: மீதி எடுத்த பிறகு 2-ஆல் வகுக்காதீர்கள். ந=3, வகுஎண் 7: 3×4 = 12, மீதி 5; இதை முழு எண் வகுத்தலில் பாதியாக்கினால் 2 வரும். சரியான விடை 6. இரட்டையாக இருப்பதை முதலில் பாதியாக்கி, பிறகு பெருக்கி, கடைசியில் மீதி எடுங்கள்.

இங்கே 2 வந்தாலே பிழை என்று தெரிந்துவிடும். முக்கோண எண்ணை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் (2ந+1)² என்ற முழு வர்க்கம். 2-க்கு அது 17, அதாவது மீதி 3. 7-ஆல் வகுத்தால் வர்க்கங்களுக்கு 0, 1, 2, 4 மட்டுமே மீதி வரும். 4, 5 ஆகிய மீதிகளும் இதே காரணத்தால் வராது.

கேட்டவர்:
அப்படியானால் 10-க்குச் சுற்று 20; ந = 4, 15, 19, 20. சரியா?

பதில் 2:
சரி. 10, 120, 190, 210.