வெயிட்டட் வெஸ்டில் எடை அடியில் இறங்கிவிடுகிறது, எப்படித் தைப்பது?

கேள்வி
வகுப்பில் அமைதியாக அமர உதவட்டும் என்று, உடலில் அழுத்தம் தரும் எடை வைத்த கையில்லா மேலாடை (வெயிட்டட் வெஸ்ட்) தைத்தேன். குழந்தையின் எடை 20 கிலோ. வெஸ்டின் முன்பக்கம் இரண்டு பெரிய பாக்கெட், ஒவ்வொன்றிலும் 500 கிராம் அரிசி. சற்று நேரத்தில் அரிசி அடியில் சேர்ந்து முன்னால் இழுக்க, குழந்தை கூனிக்கொள்கிறது. எதை, எப்படி நிரப்பலாம்? வகுப்பில் நாள் முழுக்கப் போட்டிருக்கலாமா?

பதில் 1
முதலில் அரிசியை எடுத்துவிடுங்கள். துவைக்க முடியாது, வியர்வையில் பூஞ்சை பிடிக்கும். 1 மி.மீ. கண்ணாடி மணிகள் நல்லது; 1 கிலோவை எட்டாகப் பிரித்தால் ஒரு பாக்கெட்டுக்கு வரும் 125 கிராம் சுமார் 80 மி.லி. இடத்தில் அடங்கும். பிளாஸ்டிக் மணி அதே எடைக்குப் புடைத்து நிற்கும். ஈயக் குண்டு நச்சு, தொடவே வேண்டாம்.

முன்னால் நான்கு, பின்னால் நான்கு பாக்கெட்டாகப் பிரியுங்கள். இடமும் வலமும் ஒரே எடை. இடுப்புக்குக் கீழே ஒன்றும் வேண்டாம். உட்கார்ந்தால் அது மடியில் தங்கிவிடும், தோளுக்கு அழுத்தம் கிடைக்காது.

மணிகளை நேராக பாக்கெட்டில் கொட்டாமல், நெருக்கமாக நெய்த பருத்தியில் 10 செ.மீ. சதுர உள்பைகள் தையுங்கள். மூன்று பக்கமும் இரட்டைத் தையல், நடுவே மேலிருந்து கீழாக ஒரு தையல். பிறகு இரு பாதியிலும் சம அளவு நிரப்புங்கள். வாயை மூடும் முன் மணிகளை அடிக்குத் தட்டி, மேலே குண்டூசி வரிசையாகக் குத்திக்கொள்ளுங்கள். தையல் பாதையில் ஒரு மணி மாட்டினாலும் மெஷின் ஊசி முறியும். உள்பையைக் கழற்றிவிட்டு வெஸ்டைத் துவைக்கலாம்.

பாக்கெட்டுக்கு வெல்க்ரோவைவிட பட்டன் மேல். வெல்க்ரோ பிரியும் சத்தமே சில குழந்தைகளுக்கு ஆகாது.

பதில் 2
தையலைவிட எடையும் நேரமும்தான் எனக்குக் கவலை. வழக்கமாகச் சொல்வது உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம். உங்கள் குழந்தைக்கு 1 கிலோவே 5 சதவீதம், அதிலும் வெஸ்ட் துணியின் எடை சேர்த்தி. உள்பைகளைப் பாதி நிரப்பி, 500 கிராமில் தொடங்குங்கள்.

நாள் முழுக்க வேண்டாம். உடல் அந்த அழுத்தத்துக்குப் பழகி, அதை உணர்வதை விட்டுவிடும். 20 நிமிடம் போட்டுக் கழற்றி, இடைவெளி விட்டு மறுபடி போடுங்கள். குழந்தை தானே கழற்றத் தெரிந்திருக்க வேண்டும். தூங்கும்போது கூடாது. அடக்கி உட்கார வைக்கவோ தண்டனையாகவோ ஒருபோதும் கூடாது.

மூச்சுத் தொல்லை, இதயக் கோளாறு, முதுகெலும்பு வளைவு, தசைத் தளர்ச்சி இருந்தால் மருத்துவரையும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டையும் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) கேட்காமல் தொடங்காதீர்கள்.

பதில் 3
ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் பலன் தராது. ஒரே வேலையை ஒருநாள் வெஸ்டோடு, ஒருநாள் இல்லாமல் செய்யவிட்டு, எத்தனை நிமிடம் அமர்ந்தது என்று இரண்டு வாரம் குறியுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் எடையைக் கூட்டாதீர்கள். உடலைக் கவ்விப் பிடிக்கும் லைக்ரா பனியன் அழுத்தம் தரும், சுமை இராது. அது ஒத்துவருமா என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள்.