ஆங்கில டீச்சருக்குச் சொல்லாமல் விட்ட நன்றி: உங்கள் அனுபவம் என்ன?

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஆங்கிலம் எடுத்த டீச்சரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் 'அருமையானவர், அன்பானவர்' என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடும். அப்படி எழுதினால் அவருக்கே பிடிக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பு வரை எனக்கு ஆங்கிலம் என்றால் மனப்பாடம். கேள்வி பதில், கட்டுரை, விடுப்புக் கடிதம் எல்லாவற்றையும் நோட்டில் இருக்கிறபடி ஒப்பித்துவிடுவேன். மதிப்பெண் வந்துவிடும். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் மட்டும் கை ஓடாது. இந்த டீச்சர் வந்த முதல் வாரமே, 'உங்களுக்குப் பிடித்த ஒருவர்' என்று தலைப்புக் கொடுத்து, எதையும் பார்க்காமல் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். நான் தாத்தாவைப் பற்றி எழுதினேன். என் தாத்தா மிகவும் நல்லவர், என்மேல் அன்பாக இருப்பார், எல்லோருக்கும் உதவுவார் என்று ஒரு பக்கம். தலைவர் ஒருவரைப் பற்றி மனப்பாடம் செய்த கட்டுரையில் அவர் பெயரை எடுத்துவிட்டுத் தாத்தாவைப் போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

நோட்டு திரும்பி வந்தது. சிவப்பு மை எங்கேயும் இல்லை. 'தாத்தா நல்லவர்' என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்வி: ஹவ் டூ யூ நோ? எப்படித் தெரியும்?

எனக்குக் கோபம் வந்தது. என் தாத்தா நல்லவர் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தாத்தா தினமும் எல்லோரும் படுத்த பிறகு அலமாரியில் இருக்கும் பழைய கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுப்பார். 'கிர்ர்' என்ற சத்தத்தில் நான் விழித்துவிடக் கூடாதென்று கடிகாரத்தை மடியில் வைத்துத் துண்டால் சுற்றிக்கொள்வார். ஒரு சுற்று திருப்புவார், நிறுத்துவார், என் பக்கம் பார்ப்பார், அப்புறம் அடுத்த சுற்று. எத்தனையோ ராத்திரி அரைக்கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுதக்கூடிய விஷயம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

மறுநாள் அதை எழுதினேன். சாவி கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று தெரியாது. 'கிவிங் கீ டு த க்ளாக்' என்றே எழுதிக் கொடுத்தேன். டீச்சர் அதை அடிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, "தமிழில் நாம் சாவியைக் 'கொடுக்கிறோம்'. ஆங்கிலத்தில் 'வைண்ட்', சுற்றுகிறார்கள். ஒரே வேலைதான். நாம் கையைப் பார்த்துச் சொல் வைத்திருக்கிறோம், அவர்கள் உள்ளே சுருண்டுகொள்ளும் வில்லைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்" என்றார். அப்புறம் வகுப்புக்கே பலகையில் எழுதிக் காட்டினார். அதே எழுத்துகளை 'விண்ட்' என்று படித்தால் காற்று, 'வைண்ட்' என்று படித்தால் சுற்று. அந்தச் 'சுற்று' இறந்தகாலத்தில் 'வௌண்ட்' ஆகிறது. அதே எழுத்துகளை 'வூண்ட்' என்று படித்தால் காயம். எதை எப்படிப் படிப்பது என்று பக்கத்தில் நிற்கும் சொற்கள்தான் சொல்லும். என் தப்பு ஒன்றிலிருந்து நாற்பது பேருக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஆனால் அது என் தப்பு என்று அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாது.

பிறகு கவனித்தேன். அவர் நோட்டுத் திருத்தும்போது முதல் தடவை கையில் எதுவும் இல்லாமல் படிப்பார். அப்புறம்தான் பென்சிலை எடுப்பார். எல்லாத் தப்பையும் ஒரே நாளில் சொல்ல மாட்டார். எனக்கு ஒரு மாதம் முழுக்க 'எ', 'த' மட்டும்தான். தமிழில் அப்படியே அதற்கு ஈடான சொல் கிடையாது, அதனால் நமக்கு அது பிடிபடாது. "கடிகாரம் முதல் தடவை வரும்போது 'எ க்ளாக்'. படிக்கிறவருக்கு அறிமுகம் ஆகிவிட்டால் 'த க்ளாக்'" என்றார். இலக்கண விதியாக எவ்வளவோ முறை படித்ததுதான். படிப்பவர் என்று ஒருவர் எதிரே இருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் மனதில் பட்டது.

இன்று மருத்துவக் கருவிகளுக்குப் பயன்பாட்டுக் குறிப்பு எழுதும் வேலை பார்க்கிறேன். 'மூடி எளிதாகத் திறக்கும்' என்று எழுதியதும் அந்தப் பென்சில் எழுத்து கண் முன்னால் வரும். எழுந்து போய், கையுறை போட்டுக்கொண்டு, நானே திறந்து பார்த்துவிட்டு வருவேன். தாத்தா போய் 11 வருடம் ஆகிறது. அவரைப் பற்றி எழுத்தில் இருப்பது அந்த ஒரு பக்கம்தான். அதை எழுத வைத்தவருக்கு இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன மாதம் எப்படியோ அவருடைய எண் கிடைத்தது. கூப்பிடத்தான் தயக்கமாக இருக்கிறது.

*

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் சார் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு எழுத்தில் பிரச்சினை இல்லை, பேசத்தான் பயம். வகுப்பில் எழுந்து வாசித்தபோது பின்வரிசையில் சிரித்தார்கள். சார் சிரித்தவர்களை ஒன்றும் சொல்லவில்லை. மெல்லிய தாளைப் பட்டையாகக் கிழித்து எல்லோர் கையிலும் கொடுத்து, வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

'பின்' என்று ஆங்கிலச் சொல்லைச் சொல்லிக் காட்டினார், தாள் துள்ளியது. 'ஸ்பின்' என்றார், ஆடவே இல்லை. "இரண்டும் ஒரே எழுத்து. ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கு இந்தக் காற்று வித்தியாசம் தெரியவே தெரியாது, தானாக வரும்" என்றார். அப்புறம் தமிழுக்கு வந்தார். 'பால்' சொல், 'கம்பம்' சொல் என்றார். எழுத்து ஒரே 'ப'தான். ஆனால் முதலாவதில் தொண்டை அதிராது, இரண்டாவதில் அதிரும். விரலைத் தொண்டையில் வைத்துப் பார்த்தோம். உண்மைதான்! "யாரும் சொல்லித்தராமலே இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிற நாக்கு இது. இதில் கோளாறு ஒன்றும் இல்லை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று மேசையில் தட்டிக் காட்டுவார். 'ரெகார்ட்' பெயர்ச்சொல் என்றால் முதல் தட்டு பலமாக விழும், வினைச்சொல் என்றால் இரண்டாவது. இப்போது வேலையில் தினமும் பல நாட்டவரோடு பேசுகிறேன். முக்கியமான கூட்டத்துக்கு முன்னால் தொடையில் விரலால் தட்டிப் பார்த்துக்கொள்வது இன்றும் உண்டு. சிரித்தவர்களுக்கும் அன்றைக்கு ஒரு தாள் பட்டை கிடைத்தது பாருங்கள், அதை நினைத்தால் சார்மேல் மரியாதை இன்னும் கூடுகிறது.

*

நான் தாமதித்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன். 'டெட்' என்றால் கடன். அந்தச் சொல்லில் ஒலிக்காத 'பி' எழுத்தை விட்டுவிட்டதற்காக நான் அழுத நாளில், எங்கள் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து அதன் கதையைச் சொன்னார். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் 'பி' கிடையாது. லத்தீன் மூலச் சொல்லில் இருக்கிறதே என்று பிற்காலத்துப் படிப்பாளிகள் எழுத்தில் மட்டும் சேர்த்தார்கள், பேச்சில் யாரும் சேர்க்கவில்லை. "நீ விட்டது தப்புதான், ஆனால் உன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது" என்றார். எழுத்துப்பிழைக்காக நான் அழுதது அதுதான் கடைசி.

வேலை கிடைத்ததும் போய்ப் பார்க்க வேண்டும் என்றிருந்தேன். வேலை கிடைத்து, திருமணம் ஆகி, குழந்தை பிறந்து, ஒரு வழியாகப் போனபோது அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "இதை அவர் கேட்டிருக்கணும்" என்றார். எண் கையில் இருக்கிறது என்கிறீர்களே, கூப்பிட்டுவிடுங்கள்.

*

நான் 14 வருடமாக ஆங்கில ஆசிரியை. கடிகாரம் பற்றி எழுதியவரின் டீச்சர் செய்தது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். 40 நோட்டு, ஒன்றுக்கு 5 நிமிடம் என்றாலே 200 நிமிடம். மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேல், அதுவும் ஒரே ஒரு வகுப்புக்கு. அவர் இரண்டு முறை படித்திருக்கிறார். பெரும்பாலும் வீட்டில், ராத்திரியில்தான் அது நடந்திருக்கும்.

எங்களுக்கு வாழ்த்து அட்டைகள் வருவதுண்டு, சந்தோஷம்தான். ஆனால் 'அன்றைக்கு நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், நான் இப்படிச் செய்தேன்' என்று யாராவது சொன்னால் அது வேறு. வகுப்பில் நாங்கள் சொல்வதில் எது போய்ச் சேர்ந்தது, எது காற்றோடு போனது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அப்படி ஒரே ஒரு கடிதம் வந்திருக்கிறது. ராஜினாமா செய்துவிடலாமா என்று இருந்த வருடத்தில் வந்தது. இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.

அவர் உங்களை மறந்திருக்கலாம். அதற்காக மனம் சுருங்காதீர்கள். துண்டு சுற்றிய கடிகாரத்தைச் சொல்லுங்கள்.

*

முதலில் எழுதியவள்தான். நேற்று சாயங்காலம் கூப்பிட்டேன்.

குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. பெயரையும் வருடத்தையும் சொன்னேன். "மன்னிச்சுக்கோம்மா, முகம் ஞாபகம் வரல" என்றார். பரவாயில்லை டீச்சர் என்றேன். தாத்தாவை, கடிகாரத்தைச் சொன்னேன். "சாவி கொடுக்கிறது... 'வைண்ட்'... அதை எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கேன். அது உன்கிட்டயிருந்து வந்ததா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் போய், "நீங்க ரொம்ப நல்ல டீச்சர்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அதே குரலில், மெதுவாக, "எப்படித் தெரியும்?" என்றார்.

மடியில் அந்த நோட்டு இருந்தது. அரை மணி நேரம் சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை.