தம்பியின் கொடுப்பனவுக்குச் சட்ட உதவி எங்கே கேட்பது?

இலங்கை, மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 31 வயது, பிறந்ததில் இருந்தே நடக்க முடியாது. அம்மாதான் தூக்கிக் குளிப்பாட்டுகிறா. இப்ப அவவின் முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தோம். "பட்டியலில் பெயர் இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை.

பதில்: பிள்ளை, வாய்ப்பேச்சோடு திரும்பாதீங்க. 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

பதில்: வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாகவே பார்க்கும், மட்டக்களப்பில் நிலையம் உண்டு. என் மகளுக்கு அங்கேதான் மேன்முறையீடு எழுதித் தந்தார்கள். அப்புறம், மருத்துவச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். எங்களை எட்டு மாதம் அலைய வைத்தது ஒரு 'ன'தான்.

கேட்டவர்: இப்பதான் எடுத்துப் பார்த்தேன் அக்கா. சான்றிதழில் தகப்பன் பெயரே இல்லை. திங்கட்கிழமை போகிறேன்.