மாமர நிழல், ஓயாத ஈரம்: என்ன பூச்செடி வைக்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். கொல்லையில் பெரிய மாமரம். 2011 தானே புயலில் பாதி முறிந்தும் பிழைத்த மரம், வெட்ட மனசு வராது. அதன் அடியில் பத்தடிக்கு எட்டடி இடம். வெயில் காலையில் ஒரு மணி நேரம் விழுந்தால் அதிகம். அரிசி களைந்த தண்ணீரெல்லாம் அங்கேதான் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிற்கும்.

அம்மாவுக்குக் கனகாம்பரம் என்றால் உயிர். நிழல் தாங்குமே என்று ஆறு கன்று வைத்தேன். முதல் பெருமழைக்கே இலை மஞ்சளாகிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கருத்து, தொட்டதும் தோல் கழன்று கையோடு வந்தது. அதற்கு ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது என்று அப்புறம்தான் புரிந்தது. அம்மா முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கல்வாழை மட்டும் ஆள் உயரம் வளர்ந்து நிற்கிறது. வெறும் இலைதான், பூ இல்லை, வெயில் போதவில்லை.

இப்போது ஸ்பைடர் லில்லி, ஹெலிகோனியா, வெள்ளை இஞ்சிப்பூ மூன்றையும் யோசிக்கிறேன். வருஷா வருஷம் புதிதாக நடாமல் கிழங்கிலிருந்தே தழைத்து வரவேண்டும் என்பது ஆசை. கடலூர், புதுச்சேரி பக்கம் இவ்வளவு நிழலில் யாருக்காவது இவை பூத்திருக்கிறதா? கனகாம்பரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டால் தாங்குமா, எத்தனை அடி உயர்த்தலாம்? மாமரத்தின் அடிப்பகுதியை மண் மூடிவிடக் கூடாது.

ஸ்பைடர் லில்லிக் கிழங்கு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். வெயில் இருக்கும் வீட்டுக்கு என் கல்வாழைக் கிழங்கைத் தருகிறேன்.