வார்சாவில் ஊசிமுனைக் கட்டடம்: ஊர்க்காரர்களுக்கு அதன் மேல் என்ன கோபம்?

காசிமேட்டுக்காரன்:
மகன் போலந்தில், வார்சாவில் படிக்கிறான். வீடியோ கால் போட்டால் அவன் தலைக்குப் பின்னால் ஜன்னலில் ஒரு பெரிய கட்டடம், உச்சியில் ஊசி வைத்ததுபோல. எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டுக்கார அம்மா சமையலறை ஜன்னல் திரையைத் திறப்பதே இல்லையாம், அது கண்ணில் படக்கூடாதென்று. ஏன்? அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

விஸ்துலாக்கரை:
அண்ணே, அது பண்பாட்டு அறிவியல் மாளிகை. 1952இல் ஆரம்பித்து 1955இல் முடித்தார்கள். உயரம் 237 மீட்டர். சோவியத் யூனியன் கொடுத்த பரிசு, அதாவது வேண்டாம் என்று சொல்ல முடியாத சீர். போரில் ஊரே தரைமட்டமாகி, ஜனங்கள் கூரைக்கு அலைந்த காலம். அந்த நேரத்தில் நடு ஊரில் இது, அதுவும் ஸ்டாலின் பெயரில்! பெயரை அப்புறம் எடுத்துவிட்டார்கள். பழைய நக்கல் ஒன்று உண்டு: ஊரை ரசிக்கச் சிறந்த இடம் அந்த மாளிகையின் மேல்மாடிதான், அங்கிருந்து மட்டும்தான் அது தெரியாது.

தண்டையார்பேட்டை:
இவ்வளவு கடுப்பு என்றால் இடித்துவிட வேண்டியதுதானே?

விஸ்துலாக்கரை:
அந்தப் பேச்சும் எழுந்தது. ஆனால் 2007இல் பாரம்பரியச் சின்னமாக்கிவிட்டார்கள். உள்ளே நாடக அரங்கு, சினிமா, நீச்சல் குளம் எல்லாம் இருக்கின்றன. இளசுகள் காதலியைக் காத்திருக்கச் சொல்வதே அதன் வாசலில்தான்.

காசிமேட்டுக்காரன்:
இப்போது புரிகிறது. எங்கள் அப்பா கட்டுமரத்தில் போன காலத்தில் கலங்கரை விளக்கு ஐகோர்ட் கோபுரத்தில் இருந்தது. இருட்டில் அதைப் பார்த்துத்தான் கரை திரும்புவார். வெள்ளைக்காரன் கட்டியது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கோர்ட்டுக்குள் போகவும் மாட்டார், வாசலைக் கண்டாலே பயம். 1977இல் விளக்கு மெரினாவுக்குப் போனபோது மட்டும் இரண்டு நாள் முணுமுணுத்தார்.

அந்த அம்மாவின் கோபம் வேறு, அதில் நான் தலையிடவில்லை. மகனுக்கோ வந்த புதிதில் வழி தப்பினால் அந்த ஊசிதான் துணை.

சரி, மேலே ஒரு கடிகாரம் தெரிகிறதே, அதுவும் ஸ்டாலின் காலத்ததா?

விஸ்துலாக்கரை:
இல்லை அண்ணே, 2000இல் வைத்தது. நாலு பக்கமும் உண்டு.

காசிமேட்டுக்காரன்:
நல்லது. பையன் பேசும்போது அதில்தான் மணி பார்க்கிறேன். குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் கூட்டினால் காசிமேட்டு நேரம்.