எல்லா உரிமைகளும் ஒரே தட்டில் இல்லை

அடிப்படை உரிமைகளில் எது முக்கியம் என்று கேட்டால் பெரும்பாலோர் பேச்சுரிமையைச் சொல்வார்கள். நான் அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவைச் சொல்வேன். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிற விதி அதில்தான் இருக்கிறது.

எங்கள் தெருப் பையன் ஒருவனை பைக் திருட்டு தொடர்பாக ஒரு மாலையில் ஸ்டேஷனுக்கு அழைத்துச் சென்றார்கள். இரவு முழுக்கத் திரும்பவில்லை. காலையில் அவனுடைய அம்மாவையும் ஒரு வழக்கறிஞரையும் அழைத்துக்கொண்டு போனேன். "கைதெல்லாம் இல்லைம்மா, சும்மா விசாரணைதான்" என்றார் ரைட்டர். சூட்சுமம் அந்தச் "சும்மா"வில் இருக்கிறது. கைது என்று எழுதாதவரை 24 மணி நேரக் கணக்கே தொடங்கவில்லை என்று நடந்துகொள்வார்கள். வழக்கறிஞர் குரலை உயர்த்தவில்லை. "கைது என்றால் நேரம் போட்டுக் கைதுக் குறிப்பு எழுதுங்கள் சார், அம்மா சாட்சிக் கையெழுத்துப் போடுவார். கைது இல்லை என்றால் பையனை எங்களோடு அனுப்புங்கள்" என்றார். டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வகுத்த நெறிமுறை அது. குறிப்பில் முதலில் அன்றைய காலை நேரத்தைத்தான் எழுதினார்கள். முந்தைய மாலை என்று திருத்த வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்று பிற்பகலில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். "அடித்தார்களா?" என்று அவர் கேட்டார். பையன் பக்கத்தில் நின்ற காவலரைப் பார்த்தான். மாஜிஸ்திரேட் காவலர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். அப்போதுதான் அவன் செருப்பைக் கழற்றி உள்ளங்காலைக் காட்டினான். அவர் அதைப் பதிவு செய்து மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட்டார். பேச்சுரிமை அவனுக்கு முந்தைய இரவும் இருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

என் பெரியப்பா இதை ஏற்க மாட்டார். சாலை விரிவாக்கத்தில் நிலத்தை இழந்தவர் அவர். "சொத்துரிமையை அடிப்படை உரிமையிலிருந்து எடுத்தார்களே, அன்றைக்கே எல்லாம் போயிற்று" என்பார். அவருடைய வருத்தம் நியாயமானது. ஆனால் இழப்பீட்டுக்காக அவர் இன்றும் வழக்கு நடத்துகிறார். நடத்த முடிகிறதென்றால் அவர் சிறைக்கு வெளியே இருப்பதால்தான்.

அவர் திட்டும் 44-ஆவது திருத்தத்தையே எடுத்துக்கொள்வோம். 1978-இல் வந்த அந்தத் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமை அல்லாத 300-ஏ பிரிவுக்கு இறக்கியது. நெருக்கடி நிலையிலும், குற்றத் தண்டனையில் பாதுகாப்பு தரும் 20, உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21 ஆகிய பிரிவுகளை முடக்க முடியாது என்று அவற்றை உயர்த்தியதும் அதுவே. உரிமைகள் எல்லாம் சமம் என்று அரசியலமைப்பே நினைக்கவில்லை.

அப்படி உயர்த்தக் காரணம் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் சிறையில் இருந்தவர்கள், அடைத்து வைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவைப் போட முடியாது என்று 1976-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். உயிரையே சட்டவிரோதமாகப் பறித்தாலும் வழியில்லையா என்று விசாரணையில் நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டபோது, இல்லை என்பதுதான் அரசுத் தரப்பின் பதிலாக இருந்தது. அவர் ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவருக்குப் போனது. கன்னா ராஜினாமா செய்தார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் ஒதுக்கித் தள்ள 2017 வரை ஆயிற்று.

எங்களோடு வந்த வழக்கறிஞரைக் கேட்டால் தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவைத்தான் முதலில் வைப்பார். பேச்சுரிமைக்கு உள்ளதுபோல "நியாயமான கட்டுப்பாடுகள்" எதுவும் அதற்கு இல்லை என்பது அவர் வாதம். அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

எனக்கு ஆற்றாமையெல்லாம் 22-ஆவது பிரிவுக்குள்ளேயே இருக்கும் ஓட்டையைப் பற்றித்தான். குற்றம் செய்யக்கூடும் என்று முன்கூட்டியே அடைக்கும் தடுப்புக் காவலுக்கு 24 மணி நேர விதி பொருந்தாது என்று அதுவே சொல்கிறது. தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்தில் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். அப்போது கையில் மிஞ்சுவது அந்தக் காவல் சரியா என்று பரிசீலிக்கும் அறிவுரைக் கழகமும் உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுவும்தான். ஆவணங்களை அடைபட்டவருக்குப் புரியும் மொழியில் கொடுக்காததாலும், நகல் படிக்க முடியாமல் மங்கியிருந்ததாலும் ரத்தான தடுப்புக் காவல் ஆணைகள் பல. வீட்டில் யாருக்காவது அப்படி ஆணை வந்தால், கொடுத்த காகிதக் கட்டை ஒரு பக்கம் விடாமல் பார்த்துவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள்.