தம்பலகோக் மரம் டோடோ இல்லாமல் முளைக்காதா? பள்ளிக் கண்காட்சிக்குச் சரியான தகவல் வேண்டும்

பள்ளித்தோட்டம்:

அனைவருக்கும் வணக்கம். சுற்றுச்சூழல் மன்றக் கண்காட்சியில் ‘டோடோ மரம்’ என்று ஒரு பலகை வைக்கப்போகிறோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் எழுதி வரைகிறார்கள். இப்போதைக்கு அதில் இருப்பது எல்லாரும் மேடையில் சொல்லும் கதை. மொரீஷியஸ் தீவில் மட்டும் வளரும் தம்பலகோக் மரத்தின் பழத்தை டோடோ என்ற பறவை விழுங்கும், அதன் அரைவைப்பையில் கொட்டையின் ஓடு தேயும், அதற்குப் பிறகுதான் விதை முளைக்கும். டோடோ அழிந்ததிலிருந்து முந்நூறு வருஷமாக ஒரு கன்றுகூட எழவில்லை, 13 கிழட்டு மரங்கள்தான் மிச்சம், கடைசியில் வான்கோழிக்கு ஊட்டி முளைக்க வைத்தார்கள் என்று முடிகிறது.

இதில் எது உண்மை, எது இல்லை? மரத்தின் அறிவியல் பெயர் ஓரிடத்தில் கல்வேரியா மேஜர், இன்னோரிடத்தில் சிடராக்சிலான் கிராண்டிஃபுளோரம் என்று இருக்கிறது. எதை எழுதுவது? பலகையோடு நிற்காமல் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க உள்ளூர் விதையில் ஏதாவது சோதனை உண்டா?

காட்டுவிதை:

ஐயா, இந்தக் கதை 1977இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு சிறு கட்டுரையிலிருந்து கிளம்பியது. எழுதியவர் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்கச் சூழலியலாளர். நீங்கள் எழுதியிருக்கும் எண்கள் அவருடையவைதான். ஆனால் அந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வான்கோழிகளுக்கு வலிந்து ஊட்டிய கொட்டைகள் 17. அவற்றில் 7 அரைவைப்பையிலேயே நொறுங்கிவிட்டன. மிச்சம் 10 கொட்டைகள் வாய் வழியாகவோ எச்சத்தோடோ வெளியே வந்தன. அந்தப் பத்தையும் நட்டதில் முளைத்தவை 3. சோதனை அவ்வளவுதான். அதே மரத்துக் கொட்டை பத்தை வான்கோழிக்குக் கொடுக்காமல் அதே மண்ணில் பக்கத்திலேயே நட்டிருந்தால் எத்தனை முளைத்திருக்கும்? அப்படி ஒரு ஒப்பீட்டுத் தொகுதியே வைக்கப்படவில்லை. அது இல்லாமல் அந்த மூன்று கன்றுகளும் வான்கோழியால் வந்தவை என்று சொல்ல வழியில்லை.

மொரீஷியஸ் வனத்துறையைச் சேர்ந்த ஓவடாலி 1979இல் அதே இதழில் மறுப்பு எழுதினார். தீவின் மேட்டுநிலக் காடுகளில் 13 அல்ல, நூற்றுக்கணக்கில் மரங்கள் இருக்கின்றன என்றார். 1941இல் வெளியான வாகன், வியே இருவரின் ஆய்வில் 75 முதல் 100 வயதுக்கு உட்பட்ட மரங்கள் கணிசமாகப் பதிவாகியிருப்பதை எடுத்துக் காட்டினார். எந்தப் பறவையின் உதவியும் இல்லாமல் வனத்துறை நாற்றங்காலில் விதை முளைப்பதையும் சொன்னார். டோடோ கடைசியாகக் காணப்பட்டது 1662 என்பதே பொதுவாக ஏற்கப்படும் ஆண்டு. நூறு வயது மரம் ஒன்றே ஒன்று இருந்தாலும் ‘முந்நூறு வருஷமாகக் கன்றே இல்லை’ என்ற வரி விழுந்துவிடும். இருக்கும் மரங்களுக்கு முந்நூறு வயது என்பதும் ஊகம்தான். இந்த மரத்தில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை, எண்ணிச் சொல்ல முடியாது.

இவ்வளவையும் வைத்து, டோடோ இந்தப் பழத்தைத் தின்றதே இல்லை என்று எழுதிவிட வேண்டாம். தின்றிருக்கலாம். தீவின் தென்கிழக்கில் மார் ஓ சோஞ்ஜ் என்ற சதுப்பில் ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழைய படிவில் டோடோ எலும்புகளோடு தம்பலகோக் கொட்டைகளும் கிடைத்திருக்கின்றன. (சோஞ்ஜ் என்றால் அங்கே சேம்பு. சேம்புக் குளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.) பறவையும் மரமும் ஒரே இடத்தில் இருந்தன என்பது உறுதி. பறவை தின்றது வேறு, தின்றால்தான் முளைக்கும் என்பது வேறு.

இலுப்பைத்தோப்பு:

பெயர் விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். சிடராக்சிலான் கிராண்டிஃபுளோரம் என்றே எழுதுங்கள். கல்வேரியா மேஜர் என்ற பெயர் முறைப்படி பக்கத்துத் தீவான ரெயூனியனில் உள்ள உறவு மரத்துக்குரியது, அதன் இப்போதைய பெயர் சிடராக்சிலான் மேஜஸ். பழைய கட்டுரைகளில் இரண்டும் குழம்பிக் கிடப்பதால்தான் உங்களுக்கு இரண்டு பெயர் கிடைத்திருக்கிறது.

குடும்பம் சப்போட்டேசியே. நம் இலுப்பை, மகிழம், பாலை, சப்போட்டா எல்லாம் இதே குடும்பம். கிள்ளினால் வரும் பாலும் விதையின் தழும்பும் குடும்ப அடையாளங்கள். பலகையில் இதைச் சேர்த்தால் எங்கோ இருக்கிற மரம் பிள்ளைகளுக்குச் சொந்தக்கார மரமாகிவிடும்.

நாற்றங்கால்:

ஓடு தேய்ந்தால்தான் முளைக்கும் என்பது ஏன் எடுபடுகிறது என்றால், கேட்கிறவர் மனதில் கொன்றை விதை இருக்கிறது. சரக்கொன்றை, மயிற்கொன்றை விதைகளின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. உரசினாலோ, கொதித்து இறக்கிய வெந்நீரை ஊற்றி ஓர் இரவு ஊற வைத்தாலோ தோல் திறந்து தண்ணீர் ஏறும். அங்கே தேய்ப்பதற்கு அர்த்தம் உண்டு.

தம்பலகோக்கின் கதை வேறு. அது மாங்கொட்டை மாதிரி சதைக்குள் இருக்கிற கல்லோடு. ஓட்டின் கனம் 15 மில்லிமீட்டர் வரை போகும், உங்கள் சுண்டுவிரல் அகலம். இந்தக் கனத்தைப் பார்த்துத்தான் உள்ளிருக்கும் முளை எப்படி உடைத்து வெளியே வரும் என்று சந்தேகப்பட்டார்கள். ஆனால் ஓட்டைச் சுற்றி ஓர் இணைப்புக்கோடு ஓடுகிறது. உள்ளே பருப்பு நீர் குடித்து உப்பும்போது அந்தக் கோட்டில் ஓடு விட்டுக்கொடுக்கிறது, அடிப்பாதி மூடி கழன்ற மாதிரி தனியே வந்துவிடும். கியூ தாவரவியல் தோட்டத்தின் ஆர்தர் ஹில் இதை 1941லேயே விளக்கிவிட்டார். டெம்பிள் எழுதுவதற்கு 36 வருஷம் முன்னால். கோடு திறக்கிற ஓட்டில், கனமான சுவரைப் பறவை ஒரு மில்லிமீட்டர் தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் என்ன பெரிய வித்தியாசம்?

உண்மையில் விதையைக் கெடுப்பது சதை. விட்மர், சீக் இருவரும் 1991இல் எல்லாத் தரவையும் திரும்ப அலசியபோது வந்து நின்ற இடம் இதுதான். பழம் அப்படியே தரையில் விழுந்து கிடந்தால் சதை அழுகும், பூஞ்சை பிடிக்கும், அது கொட்டைக்கும் இறங்கும். சதையை யாராவது தின்று கொட்டையைச் சுத்தமாக விட்டால் விதை பிழைக்கும். அந்த வேலையை டோடோவும் செய்திருக்கலாம், தீவில் இருந்து அழிந்துபோன ராட்சத ஆமைகளும் செய்திருக்கலாம். ஆமைகளின் பங்கைப் பற்றி 1987இலேயே இவர்சன் எழுதியிருக்கிறார்.

ஆக நாற்றங்காலில் செய்ய வேண்டியது சதையை மிச்சமில்லாமல் நீக்குவது, கழுவுவது, நீர் தேங்காத மண்ணில் புதைப்பது, பொறுமையாக இருப்பது. சுத்தியலால் தட்டித் திறக்கப் பார்த்தால் பருப்பும் சேர்ந்து நசுங்கும். வான்கோழி வயிற்றில் அந்த ஏழு கொட்டைகளுக்கு நடந்ததும் அதுவே.

பள்ளித்தோட்டம்:

மிக்க நன்றி. பலகையைத் திருத்தி எழுதச் சொல்லிவிட்டேன். ‘ஒப்பீட்டுத் தொகுதி இல்லை’ என்பதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினால் நன்றாகப் பதியும். பள்ளி வாசலில் மகிழமரம் இருக்கிறது, பழம் கொட்டுகிறது. அதை வைத்துச் செய்யலாமா? கொதிநீர் ஊற்றலாமா?

நாற்றங்கால்:

மகிழம் நல்ல தேர்வு. ஒரே குடும்பம், பழத்துக்குப் பெரும்பாலும் ஒரே விதை, தோலும் கெட்டி. கொதிநீர் மட்டும் வேண்டாம். அது கொன்றைக்கு உரிய வைத்தியம். இந்தக் குடும்பத்து விதையின் பருப்பு எண்ணெய்ப் பசையும் ஈரமும் உள்ளது, வெந்து செத்துப்போகும்.

ஒரே மரத்தில் ஒரே நாளில் ஆரஞ்சு நிறத்துக்குப் பழுத்த பழமாக 75 பொறுக்குங்கள். போன வருஷத்து விதை ஒன்று கலந்தாலும் கணக்கு கெட்டுவிடும். 25 பழங்களைச் சதையோடு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், இது முதல் தொகுதி. அடுத்த 25இல் சதையைப் பிதுக்கி எடுக்க வேண்டும். மாவு மாதிரி இருக்கும், விரலிடுக்கில் ஒட்டும், ஒரு தடவை தண்ணீர் விட்டால் போகாது. வாளியில் கரடுமுரடான மணலோடு சேர்த்துப் பிசைந்து மூன்று முறை அலசினால் விதை பழுப்பாக மினுங்கும். அது இரண்டாவது. மூன்றாவது 25ஐயும் இதேபோல் கழுவிவிட்டு, உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்க்க வேண்டும், உள்ளே வெளிர் நிறம் தெரிகிற அளவுக்கு மட்டும். விதையின் ஒரு முனையில் சின்ன வட்டத் தழும்பு இருக்கும். அந்த முனையைத் தொடக்கூடாது, முளைவேர் அந்தப் பக்கம்தான். எதிர் முனையில் தேய்க்கச் சொல்லுங்கள்.

வான்கோழிக் கதையில் இருப்பது மூன்றாவது தொகுதி மட்டும். முதலும் இரண்டாவதும் இல்லாமல் அதைப் படித்தால் என்ன ஆகும் என்பது பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தட்டு, அடியில் துளை, கழுவிய ஆற்று மணல். ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம் போதும். மூன்று தட்டும் ஒரே நிழலில் இருக்க வேண்டும், ஒரே குவளையால் தண்ணீர். ஒரு தட்டு வெயிலிலும் ஒன்று திண்ணையிலும் இருந்தால் நீங்கள் அளப்பது வெயிலைத்தான், விதையை அல்ல. சதையோடு இருக்கிற தட்டுக்கு எறும்பு வரும், தட்டுகளைத் தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில் செங்கல் மேல் வையுங்கள்.

முளைக்கச் சில வாரங்களும் ஆகலாம், இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். வாரம் இருமுறை எண்ணிக் குறிக்கட்டும். பன்னிரண்டாவது வாரம் முளைக்காதவற்றைத் தோண்டி எடுத்துப் பாதியாக வெட்டுங்கள். பருப்பு வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கலாம், கொழகொழவென்று பழுப்பாக இருந்தால் அழுகியது. முளைக்காத விதையும் செத்த விதையும் ஒன்றல்ல, இந்த வெட்டுச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். முடிவு நாங்கள் இங்கே சொன்னதற்கு மாறாக வந்தாலும் அப்படியே பலகையில் எழுதுங்கள். தட்டுக்கு 25 விதை என்பது சிறிய எண், இரண்டு மூன்று விதை வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

மலைச்சரிவு:

எல்லாம் சரி. ஆனால் ஒரு உயிர் போனால் இன்னொன்றும் போகும் என்பதைப் பிள்ளைகள் மனதில் பதிய வைக்க இந்தக் கதைபோல எதுவும் இல்லையே. கொஞ்சம் முன்னேபின்னே இருந்தால் என்ன?

காட்டுவிதை:

அந்தக் கருத்தில் தவறில்லை, அதற்கு நிஜமான சான்றே மொரீஷியஸில் இருக்கும்போது தவறான சான்று எதற்கு? கடலோரத்தில் இல் ஓ எக்ரெத் என்ற சின்னத் தீவு. அங்கே டயோஸ்பைரோஸ் எக்ரெட்டாரம் என்ற கருங்காலி மரம். அதன் பெரிய பழங்களைத் தின்று பரப்பிய ஆமைகள் அழிந்தபின் கன்றுகள் தாய்மரத்தடியிலேயே முடங்கின. 2000இல் இந்தியப் பெருங்கடலின் இன்னொரு தீவான அல்டாப்ராவிலிருந்து வந்த ராட்சத ஆமைகளை அங்கே விட்டார்கள். அவை பழம் தின்று விதையைத் தூரத்தில் போட்டன, ஆமை வயிற்றைக் கடந்த விதைகள் நன்றாகவும் முளைத்தன. 2011இல் வெளியான அந்த ஆய்வில் ஒப்பீடும் இருந்தது.

தவறான கதையால் வேறொரு நஷ்டமும் உண்டு. டோடோதான் காரணம் என்றால் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். தம்பலகோக்கை இன்றைக்கு அழுத்துவது நீக்கக்கூடிய காரணங்கள். நீளவால் குரங்குகள் பழுக்காத காயையே பறித்துப் போடுகின்றன, விதை முற்றுவதற்கே வழியில்லை. 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மான்களின் வழிவந்தவை கன்றை மேய்கின்றன, காட்டுப்பன்றி கிளறுகிறது. கீழே பிரேசிலிலிருந்து வந்த சீனக் கொய்யா வேலி மாதிரி அடர்ந்து தரையில் வெளிச்சமே விழாமல் செய்கிறது. கூடவே லிகஸ்ட்ரம் ரோபஸ்டம் என்ற சிறுமரம். அது இலங்கையிலிருந்து போனது. அதன் சொந்த மலையில் யாருக்கும் தொந்தரவில்லாத மரம், அங்கே போய்க் காட்டையே மூடுகிறது.

1994இல் அறிவிக்கப்பட்ட பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் சில துண்டு நிலங்களுக்கு வேலி போட்டு மானையும் பன்றியையும் தடுத்து, கொய்யாவைக் கையால் பிடுங்கி வருகிறார்கள். குரங்கு வேலியைத் தாண்டிவிடும் என்பதுதான் இதில் தீராத சிக்கல். பிடுங்கிய இடத்திலும் கொய்யா விதை மண்ணிலிருந்து மீண்டும் கிளம்பும், திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

பலகையில் இடமிருந்தால் டோடோ படத்தைச் சிறிதாக்கி, கொட்டையின் குறுக்குவெட்டைப் பெரிதாக வரையச் சொல்லுங்கள். 15 மில்லிமீட்டர் ஓடு, உள்ளே பருப்பு, சுற்றி அந்த இணைப்புக்கோடு. கோட்டுக்கு மட்டும் சிவப்பு மை. பக்கத்திலேயே மகிழம் தட்டுகள் மூன்றையும் வையுங்கள்.